புதுவாயலுக்குக் கல்லூரி வந்த வழி

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்களுக்கு, கவரைப்பேட்டைக்குச் சற்று முன்னால் வருகிற ஊர் புதுவாயல். மேற்கே பெரியபாளையம் போகும் சாலை இங்கிருந்துதான் பிரிகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் லாரிகள், ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள், கல்லூரி பஸ்கள் எல்லாம் காலை நேரத்தில் இந்தச் சந்திப்பில் நெரிகின்றன. மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் சுற்றுவட்டார வீடுகளில் இரண்டே கேள்விகள்தான் புழங்கும்: “எவ்வளவு மார்க்?”, “எந்தக் காலேஜ்?”

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுவது, யாரைக் கல்லூரிக்குள் விடுவது என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறி வந்திருக்கிறது. மாறிய ஒவ்வொரு முறையும் சிலருக்குக் கதவு திறந்தது, சிலருக்குச் சாத்தியது. அந்த மாற்றங்களில் முக்கியமானவற்றின் தடயம் இந்தச் சந்திப்பைச் சுற்றியே கிடக்கிறது. மேற்கே போனால் பச்சையப்ப முதலியார் வளர்ந்த பெரியபாளையம். கிழக்கே போனால் 1965-ல் அரசுக் கல்லூரி வந்த பொன்னேரி. வடக்கே கவரைப்பேட்டையில் 1995-ல் பொறியியல் கல்லூரி. புதுவாயலிலேயே 2008-ல் இன்னொன்று.

பெரியபாளையத்துப் பையன்

பச்சையப்பர் 1754-ல் பிறந்தபோது அவருடைய தந்தை உயிரோடு இல்லை. ஆதரவில்லாத தாய், பெரியபாளையத்தில் ரெட்டிராயர் என்பவரின் நிழலில் பிள்ளைகளை வளர்த்தார். பிறகு சென்னைக்குப் போய், நாராயண பிள்ளை என்ற துபாஷியிடம் தொழில் பழகி, வெள்ளைக்காரர்களுக்கும் உள்ளூர் வணிகத்துக்கும் நடுவே நின்று பெரும் செல்வம் சேர்த்தார் பச்சையப்பர். நாற்பது வயதில், 1794-ல் இறந்தார். சாகுமுன் எழுதிய உயிலில் சொத்தின் பெரும்பகுதியைக் கோயில் கட்டளைகளுக்கும் தர்மத்துக்கும் எழுதி வைத்திருந்தார்.

உயிலை வைத்துப் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. கடைசியில் சென்னை சுப்ரீம் கோர்ட் தலையிட்டு அறக்கட்டளையை ஒழுங்குபடுத்தியபோது, கட்டளைகளுக்குப் போக மிஞ்சிய பணம் பெருகிக் கிடந்தது. அதைக் கல்விக்குச் செலவிடலாம் என்று முடிவாவதற்கு முக்கியக் காரணமாக இருந்தவர் அன்றைய அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். 1842-ல் சென்னையில் பச்சையப்பர் பெயரில் பள்ளி திறந்தது. 1880-களில் அது கல்லூரியாக வளர்ந்தது. வெள்ளைக்கார மிஷனரி பணமும் சர்க்கார் பணமும் இல்லாமல், உள்ளூர்க்காரர் ஒருவரின் செல்வத்தில் நின்ற கல்லூரி அது.

ஆனால் அந்தக் கதவும் எல்லாருக்கும் திறக்கவில்லை. இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்ட அந்த நிறுவனத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு இடமில்லாமல் இருந்தது. 1920-களின் பிற்பகுதியில்தான் அந்தத் தடை நீங்கியது. மற்ற மதத்தவருக்கான தடை விடுதலை பெற்ற 1947 வரை நீடித்தது. அதுவரை எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் பிறப்பு முன்னால் வந்து மறித்தது.

ஒரு பாடம் போனால் எல்லாம் போயிற்று

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பரில் தொடங்கியது. கல்லூரியில் சேர விரும்புகிறவர் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். அதுதான் பின்னாளில் மெட்ரிகுலேஷன் என்று வழங்கியது. தேர்வு ஆங்கிலத்தில் நடந்தது. முதன்முதலில் எழுதியவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்கள்: பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை, அவரோடு விசுவநாதபிள்ளை. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் நடத்திய செமினரியில் ஆங்கிலமும் கணிதமும் கற்று வந்தவர்கள் அவர்கள். நல்ல பள்ளி முன்கூட்டியே கிடைத்த ஊரிலிருந்துதான் முதல் பட்டதாரிகள் வந்தார்கள்.

அப்படிக் கிடைக்காதவர் பள்ளியைத் தேடிப் போக வேண்டியிருந்ததற்கு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணியில் ஒரு சான்று உண்டு. 1888-ல் அங்கே எளிய குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், பள்ளிக்காலம் முழுக்க உதவித்தொகையை நம்பிப் படித்தவர். திருப்பதியில் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்று அவருடைய படிப்பு ஊர் ஊராக நகர்ந்தது. பட்டப்படிப்புக்குத் தத்துவத்தை எடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. பட்டம் முடித்த உறவுக்காரர் ஒருவர் தம்முடைய தத்துவப் பாடப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம். பின்னாளில் குடியரசுத் தலைவரானவரின் பாடப்பிரிவு முடிவானது அப்படித்தான்.

அந்தக் காலத் தேர்வு முறையின் கடுமையைக் கணித மேதை ராமானுஜன் வாழ்க்கை காட்டுகிறது. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்து, 1903 இறுதியில் மெட்ரிகுலேஷனில் முதல் வகுப்பில் தேறி, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில், பட்டத்துக்கு முந்திய படிப்பான எஃப்.ஏ. சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களை விட்டார். ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகை போனது. 1906-ல் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவருடைய திறமையை அடையாளம் கண்டுகொண்டார். ஆனாலும் எஃப்.ஏ. தேற எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும். உடலியல் பாடம் அவரைக் கவிழ்த்தது. 1907-ல் தனித்தேர்வராக எழுதியும் தேறவில்லை. 1914-ல் கேம்பிரிட்ஜ் போய், 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரான அந்த மனிதருக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. கடைசிவரை கைகூடவில்லை.

ராமானுஜனைக் காட்டி ‘மார்க் எல்லாம் ஒன்றுமில்லை’ என்று மேடையில் பேசுவது எளிது. அவர் பட்ட வறுமையும், வேலைக்காக வாசல் வாசலாக நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததும் அந்தப் பேச்சில் வருவதில்லை. தேர்வில் தவறியதன் விலையை அவர் முழுதாகக் கொடுத்தார்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்

மெட்ரிகுலேஷனில் கும்பல் கும்பலாகத் தோற்கிறார்கள் என்ற குறை வளர்ந்தபோது வந்தது எஸ்.எஸ்.எல்.சி. முறை. 1911-ல் சென்னை மாகாணத்தில் முதல் எஸ்.எஸ்.எல்.சி. பொதுத்தேர்வு நடந்தது. இதன் புதுமை, ஒரே தேர்வை மட்டும் நம்பாமல் பள்ளியில் வாங்கிய மதிப்பெண்களையும் பதிவு செய்ததுதான். அதற்கென்று ஒரு புத்தகம். பிறந்த தேதி, அங்க அடையாளம், பள்ளி மதிப்பெண், பொதுத்தேர்வு மதிப்பெண், தலைமையாசிரியர் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். வீட்டுப் பத்திரங்களோடு டிரங்குப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்ட புத்தகம் அது. படிப்பை முடித்தவர் எல்லாரும் கல்லூரிக்குப் போய்விட முடியாது. கல்லூரிக்குத் தகுதியான மதிப்பெண் இருந்தால்தான் ‘எலிஜிபிள்’. அந்த ஆங்கிலச் சொல் அன்றைய தமிழ்க் குடும்பங்களில் சர்வசாதாரணமாகப் புழங்கியது.

பெண் பிள்ளைகளுக்குத் தகுதி இருந்தும் போக இடம் இல்லை. புதுக்கோட்டையில் மெட்ரிகுலேஷன் தேறிய முத்துலட்சுமியை, ஆண்கள் படிக்கும் மன்னர் கல்லூரியில் சேர்க்க மறுப்புகள் எழுந்தன. அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆணையால்தான் இடம் கிடைத்தது. 1912-ல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்களுக்கென்றே சென்னையில் கல்லூரி வந்தது 1914-ல். இன்றைய ராணி மேரிக் கல்லூரி அது. மறு ஆண்டு பெண்கள் கிறித்தவக் கல்லூரி. கல்லூரி திறந்த பிறகுதான் பெண்களின் மதிப்பெண்ணுக்குப் பயன் வந்தது.

மதிப்பெண் மட்டும் போதுமா என்ற கேள்வி 1920-களில் அரசியலின் நடுவுக்கு வந்தது. நீதிக்கட்சி ஆட்சி கொண்டுவந்த வகுப்புவாரி உரிமை ஆணை பின்னர் கல்லூரி இடங்களுக்கும் நீண்டது. பதினான்கு இடம் இருந்தால் எந்தப் பிரிவுக்கு எத்தனை என்று கணக்கு இருந்தது. 1950-ல் செண்பகம் துரைராஜன் மருத்துவப் படிப்புக்காகவும், சி.ஆர். சீனிவாசன் பொறியியல் படிப்புக்காகவும் வழக்குத் தொடுத்தார்கள். அந்த ஆணை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றமும், 1951-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பள்ளியே கிடைக்காத வீட்டுப் பிள்ளையையும் பரம்பரையாகப் படித்த வீட்டுப் பிள்ளையையும் ஒரே மதிப்பெண் பட்டியலில் நிறுத்தி எடை போடக்கூடாது என்ற நியாயம் அதன்பின் சட்டமாக நிலைத்தது.

இந்தக் காலத்தில்தான் வீட்டுக்கு வீடு இன்னொரு புத்தகமும் வந்தது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரித் தமிழாசிரியர் ஐயம்பெருமாள் கோனாரின் தமிழ் உரைநூல். பழனியப்பா பிரதர்ஸ் அதை வெளியிட்டது. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகளுக்குக் கோனார் நோட்ஸ்தான் வாத்தியார். ‘நோட்ஸ் படிப்பது குறுக்கு வழி’ என்று பண்டிதர்கள் குறை சொன்னாலும், முதல் தலைமுறை மாணவர்கள் பலரை அது கரையேற்றியிருக்கிறது.

கடம்பத்தூரும் பொன்னேரியும்

1954-ல் காமராஜர் முதலமைச்சரானபோது கல்லூரியைவிடப் பள்ளிதான் முதல் கவலையாக இருந்தது. ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்பது அந்த ஆட்சியின் இலக்கு. 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியில் ‘பள்ளிச் சீரமைப்பு மாநாடு’ என்ற இயக்கம் 1958-ல் கிளம்பியது. அதன் தொடக்கம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் கடம்பத்தூரில். ஊரார் கூடி, பள்ளிக்கு வேண்டிய பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், கட்டடம் என்று பட்டியல் போட்டுத் தாமே வாங்கிக் கொடுத்தார்கள். அரசுப் பணத்துக்குக் காத்திருக்காமல் ஊரே பள்ளியைத் தாங்கிய அந்த இயக்கம் மாநிலம் முழுக்கப் பரவியது.

உயர்நிலைப்பள்ளிகள் பெருகியதும் அடுத்த நெருக்கடி வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிள்ளைகள் எங்கே போவார்கள்? கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பையன் கல்லூரி படிக்கச் சென்னைக்குப் போய், உறவுக்காரர் வீட்டிலோ விடுதியிலோ தங்க வேண்டும். அந்தச் செலவுக்கு அஞ்சியே பல வீடுகளில் படிப்பு பதினோராம் வகுப்போடு நின்றது.

1965-ல் பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி வந்தது. ஊர்க்காரர்கள் வாயில் அது ‘எல்.என்.ஜி. காலேஜ்’. சென்னை–கூடூர் ரயில் பாதையில் பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி எல்லாம் அடுத்தடுத்த நிறுத்தங்கள். காலையில் ரயில் ஏறினால் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். வயலில் நாற்று நட்ட குடும்பங்களிலிருந்தும், பழவேற்காட்டு மீனவர் குப்பங்களிலிருந்தும் பட்டதாரி வருவதற்கு இந்தத் தூரக் குறைவு பெரிய காரணம். விடுதிச் செலவு கிடையாது. பெண்ணை வெளியூரில் தங்க வைக்கும் பயம் கிடையாது. ஒரு ரயில் பாஸ் போதும்.

ஆனாலும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. அதன் பெயர் பி.யூ.சி. பதினொரு ஆண்டுப் பள்ளிப்படிப்பு முடிந்து, மூன்றாண்டுப் பட்டத்துக்கு முன்னால் கல்லூரியில் படிக்க வேண்டிய ஓராண்டுப் புகுமுக வகுப்பு. அதுவரை தமிழில் படித்த பிள்ளை திடீரென்று இயற்பியலையும் வரலாற்றையும் ஆங்கிலத்தில் கேட்கும். ஓராண்டுக்குள் பிடிபட்டால் உண்டு, இல்லையென்றால் ஃபெயில். பள்ளியில் முதல் மாணவனாக இருந்து பி.யூ.சி.யில் தவறிய கதை அந்தத் தலைமுறையில் ஊருக்கு ஊர் உண்டு. டுட்டோரியல் கல்லூரிகள் தழைத்தது அதனால்தான்.

நேர்காணலிலிருந்து நுழைவுத் தேர்வுக்கு

மருத்துவம், பொறியியலில் போட்டி வேறு மாதிரி. 1960-களில் மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அது சமத்துவத்துக்கு ஒவ்வாது என்று 1968-ல் உச்ச நீதிமன்றம் ராஜேந்திரன் வழக்கில் தள்ளிவிட்டது. நேர்காணலுக்கு 75 மதிப்பெண் வைத்த முறை பெரியகருப்பன் வழக்கில் கேள்விக்கு உள்ளானது. தேர்வில் மேலே இருந்தவர் நேர்காணலில் கீழே இறங்குவதும், கீழே இருந்தவர் மேலே ஏறுவதும் எப்படி என்று நீதிமன்றம் வரை பேசப்பட்டது. சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு மதிப்பெண்தான் ஒரே துணை என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் வேரூன்றியது. தமிழ்நாட்டுப் பெற்றோர் மதிப்பெண்ணை இவ்வளவு பெரிதாக மதிப்பதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். அதைப் பேராசை என்று மட்டும் சொல்வது நியாயமாகாது.

கோத்தாரிக் குழுவின் பரிந்துரையை ஒட்டி 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. பி.யூ.சி. ஒழிந்தது. பிளஸ் ஒன், பிளஸ் டூ என்ற இரண்டு ஆண்டுகள் பள்ளிக்குள்ளேயே வந்தன. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது. கிராமத்துப் பிள்ளைக்கு இது பெரிய மாற்றம். கல்லூரிக்குள் தடுக்கி விழுந்த அந்த ஓராண்டுக்குப் பதிலாக, தெரிந்த ஆசிரியர்களிடம், தமிழிலேயே, இரண்டு ஆண்டு படிக்க முடிந்தது. அதோடு ‘குரூப்’ என்ற புதுத் தலைவலியும் வந்தது. கணிதம்–உயிரியல் எடுப்பதா, காமர்ஸ் எடுப்பதா, தொழிற்பிரிவு எடுப்பதா என்பதைப் பதினைந்து வயதில் முடிவு செய்ய வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே அதைப் பல பள்ளிகளில் முடிவு செய்துவிடும்.

எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1984-ல் இரண்டு காரியங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தன. தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதியும் கிடைத்தது. பிளஸ் டூ பாட மதிப்பெண் 200-க்கு, நுழைவுத் தேர்வு 100-க்கு, ஆக 300-க்கு இத்தனை என்று கணக்குப் போட்டார்கள். பிளஸ் டூ தேர்வு முடிந்த மறுநாளே நகரத்துப் பிள்ளைகள் கோச்சிங் வகுப்புக்குப் போனார்கள். கிராமத்துப் பிள்ளைகள் களத்து வேலைக்குப் போனார்கள். இந்த இடைவெளி இருபது ஆண்டுக்கு மேல் நீடித்தது.

ஆயிரத்து இருநூறுக்கு எவ்வளவு?

1990-களில் நெடுஞ்சாலையோரம் மாறத் தொடங்கியது. கவரைப்பேட்டையில் 1995-ல் ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி, 2001-ல் ஆர்.எம்.டி. பொறியியல் கல்லூரி, 2008-ல் புதுவாயலில் ஆர்.எம்.கே. பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரி என்று அடுத்தடுத்து வந்தன. 1997 முதல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வை நடத்தியது. மாநிலத்தின் எந்த மூலையில் இருப்பவரும் கிண்டிக்கு வந்து, தரவரிசைப்படி தன் முறை வரும்போது, திரையில் மிஞ்சியிருக்கும் இடங்களைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாம். தென்மாவட்டங்களிலிருந்து இரவு முழுக்கப் பயணித்து, கையில் சான்றிதழ் ஃபைலோடு வந்து நின்ற அப்பாக்களை அந்த வளாகம் ஆண்டுதோறும் பார்த்தது. கல்லூரிக்குக் கல்லூரி விண்ணப்பம் போட்டு அலைய வேண்டியதில்லை. சிபாரிசுக்கு அங்கே வேலையில்லை. 2018 முதல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது.

நுழைவுத் தேர்வை நீக்க 2005-ல் எடுத்த முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2006-ல் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அதன் பரிந்துரைப்படி சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு ஒழிந்தது. அதன்பின் பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே அளவுகோல் ஆனது. பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200; இதுதான் ‘கட்-ஆஃப்’. அரை மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கானவர்கள் முன்னே பின்னே போனார்கள்.

அளவுகோல் ஒன்றானதும் அதற்கென்று ஒரு தொழிலே எழுந்தது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகள் மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளை இழுத்தன. பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தினார்கள். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் கேள்வி என்ற புளூ பிரின்ட்டை வைத்துக்கொண்டு, வரிக்கு வரி மனப்பாடம். 1200-க்கு 1190 எடுத்தவர் மாநில முதலிடத்தைத் தவறவிட்டதற்காக அழுத காலம் அது. ரிசல்ட் அன்று பள்ளி வாசலில் பிளெக்ஸ் பேனர், அதில் சென்டம் எடுத்தவர்களின் படம். பிளஸ் ஒன் கணிதத்தைத் தொடாமல் வந்த பிள்ளைகள் பொறியியல் முதல் செமஸ்டரில் அடிப்படை தெரியாமல் திணறி, அரியர் வைத்ததைக் கல்லூரி ஆசிரியர்கள் அறிவார்கள். கல்லூரியில் சேர்வதற்குத் தயாரானவர்கள் கல்லூரியில் படிப்பதற்குத் தயாராகவில்லை.

இதே ஆண்டுகளில் அரசு வேறு பக்கம் கைகொடுத்தது. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டி, சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் எல்லாருக்கும் கிடைத்தது. 2010-ல் முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகை வந்தது. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கி வைத்த இடம் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர். அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு சமச்சீர் கல்வி நடைமுறைக்கு வந்து, மாநிலப் பாடத்திட்டப் பள்ளி, மெட்ரிகுலேஷன் பள்ளி என்ற பிரிவினை பத்தாம் வகுப்பு வரை நீங்கியது.

கடலுக்கு அப்பால் ஒரு கட்-ஆஃப்

புதுவாயலிலிருந்து வடக்கே சில கிலோமீட்டரில், கும்மிடிப்பூண்டியில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. அங்குள்ள பெரியவர்களுக்கு மதிப்பெண் வரலாற்றின் கசப்பான பக்கம் தெரியும். 1971-ல் இலங்கை அரசு பல்கலைக்கழகச் சேர்க்கையில் ‘தரப்படுத்தல்’ கொண்டுவந்தது. மருத்துவப் படிப்புக்கு 400-க்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 229 போதும். தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும். பின்னர் அது மாவட்ட ஒதுக்கீடாக உருமாறியது. படிப்பையே முதலாகக் கொண்டு வாழ்ந்த யாழ்ப்பாணச் சமூகத்தின் இளைஞர்கள் கொதித்தெழுந்ததற்குத் தரப்படுத்தல் முக்கியக் காரணங்களில் ஒன்று என்பதை வரலாற்றாசிரியர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

பின்தங்கியவரைத் தூக்கிவிடக் கட்-ஆஃபைக் குறைப்பது ஒன்று. ஒரு மொழியில் எழுதியதற்காகவே கூட்டுவது வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பட்டதாரிகளைக் கொடுத்த மண்ணின் பிள்ளைகள், அகதி முகாமிலிருந்து தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் நிலை வந்ததற்குப் பின்னால் இந்த எண்களும் இருக்கின்றன.

2017-க்குப் பிறகு

2017 மே மாதம் தமிழ்நாட்டில் மாநில ரேங்க் அறிவிக்கும் வழக்கம் நின்றது. மறு ஆண்டு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 1200 என்பது 600 ஆனது. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஒரு குழு பாடத்திட்டத்தைப் புதுப்பித்தது. புளூ பிரின்ட் போய், புத்தகத்தின் உள்ளிருந்து யோசித்து எழுத வேண்டிய கேள்விகள் வந்தன. சென்டம் எண்ணிக்கை இறங்கியது.

அதே 2017-ல் மருத்துவத்துக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வான நீட் கட்டாயமானது. அரியலூர் மாவட்டம் குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தவர். பழைய முறைப்படி அவருடைய மருத்துவக் கட்-ஆஃப் 196.75. நீட்டில் அவர் எடுத்தது 720-க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடிய அவர், செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு தேர்வுக்காகப் பன்னிரண்டு ஆண்டு உழைத்த பிள்ளைக்கு, கடைசி நேரத்தில் வேறு தேர்வை வைத்தால் என்ன ஆகும் என்பதை மாநிலம் துக்கத்தோடு கண்டது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை முதல் ஆண்டிலேயே நூற்றுக்கணக்கில் உயர்ந்தது. 2021-ல் இந்த ஒதுக்கீடு பொறியியலுக்கும் விரிந்தது.

2021-ல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கணக்கிட்டு மதிப்பெண் போட்டார்கள். பத்தாம் வகுப்பை அசட்டையாக எழுதியவர்கள் இரண்டு ஆண்டு கழித்து அதற்கு வருந்தினார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் விலக்கப்பட்டது.

சொல்லித் தர ஒருவர்

இவ்வளவு மாற்றங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் மாறவில்லை. ஏற்பாடு என்ன என்பதை முன்கூட்டியே அறிந்த வீட்டுப் பிள்ளைதான் ஒவ்வொரு முறையும் முந்தியது. 1857-ல் மிஷன் பள்ளியின் வாசல் தெரிந்தவர். 1984-ல் கோச்சிங் சென்டரின் முகவரி தெரிந்தவர். இன்று விண்ணப்பத் தேதியும் சான்றிதழ் பட்டியலும் தெரிந்தவர். 2021–22-ம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இந்தியாவில் 28.4, தமிழ்நாட்டில் 47. நாட்டு விகிதத்தைவிட இவ்வளவு உயரத்துக்கு வந்ததற்குக் காரணம், பள்ளியும் கல்லூரியும் உதவியும் வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததுதான். மீதிப் பாதியையும் அப்படித்தான் எட்ட முடியும்.

புதுவாயல் பக்கத்தில் அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பையனைக் கம்பெனி பஸ் வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்ளும் தொழிற்பகுதி இது. கையில் உடனே வரும் சம்பளத்தின் முன்னால் மூன்றாண்டுப் பட்டம் தூரமாகத் தெரிவது இயற்கை. அந்த வீட்டில் போய்ச் சொல்ல வேண்டிய செய்திகள் சில உண்டு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் குரூப் எடுக்கும் முன்பே எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று கேட்டறிய வேண்டும். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளோடு நிற்காமல் பாடத்தை முழுதாகப் படித்து, பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பார்க்க வேண்டும். காலாண்டில் குறைந்த பாடத்தை அரையாண்டுக்குள் சரிக்கட்டினால் மார்ச்சில் பதற்றம் இருக்காது. சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களை ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவையில் வாங்கி வைத்துவிட வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவிக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவனுக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அந்தப் பணம் பொன்னேரிக்குப் போய்வரும் செலவைத் தாங்கும்.

பெரியபாளையம் முதல் கும்மிடிப்பூண்டி வரை முதல் தலைமுறைப் பட்டதாரி இல்லாத தெரு இன்று அரிது. அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டு அந்தப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைக் கேட்டுப் பார்த்து, விண்ணப்பம் போடும் நாளில் கூடவே போய் உட்கார்ந்து பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். கடம்பத்தூரில் 1958-ல் ஊரார் பெஞ்சும் கரும்பலகையும் வாங்கிக் கொடுத்தார்கள். இன்றைய பள்ளியில் அவை இருக்கின்றன; வழி தெரிந்த ஒரு பெரியவரின் நேரம்தான் தேவைப்படுகிறது. படித்து முடித்தவர்கள் அதைக் கொடுக்க வேண்டும்.